ஒன்றாம் தேதி முதல் ஒன்பதாம் தேதி வரை

வெள்ளிக்கிழமை காலை எங்கள் மருத்துவமனையின் கணினிப் பிரிவுக்கு ரொட்டி வாங்கி வரும் முறை இந்த வாரம் என்னுடையது. வெண்ணெய் ஒட்டிய விரலோடு பக்கத்து மேசை ப்ரீபன் என் திரையை எட்டிப் பார்த்தான்.

"ஏய் சோல்வை, பழைய பட்டியல்ல பத்தாயிரத்து அறுநூறு பேரு. புதுசுல ஏழாயிரத்து சொச்சம்தான் இருக்கு. மிச்ச ஆளுங்கள ரொட்டியோட சேத்து முழுங்கிட்டியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது ஒவ்வாமைப் பட்டியல். யாருக்கு எந்த மருந்து ஆகாது என்று மருத்துவமனை முழுக்க அதைப் பார்த்துத்தான் ஊசி போடுகிறது. நேற்று மாலை அதைப் பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாற்றியவள் நான்.

பழைய கோப்பு துளை அட்டைக் காலத்து வடிவம். அட்டைக்கு எண்பது கட்டம், அதில் அடையாள எண்ணுக்குப் பத்து. சுழியத்துக்கும் அதில் ஒரு துளை உண்டு. நான் அதை அரைப்புள்ளி போட்டுப் பிரித்த சாதாரணக் கோப்பாக்கினேன். அதோடு விட்டேனா? சும்மா ஒரு பார்வை பார்ப்போமே என்று கணக்குப் போடும் விரிதாளில் திறந்து, சேமித்தும் தொலைத்தேன்.

டென்மார்க்கில் எங்கள் அடையாள எண் பிறந்த தேதியில் தொடங்கும், நான்காம் தேதி என்றால் சுழியம் நான்கு என்று. விரிதாள் அதை வெறும் தொகையாக எடுத்துக்கொண்டு, முன்னால் நின்ற சுழியத்தைத் தின்றுவிட்டது. இப்படி ஒன்பது இலக்கமாகிப் போனவர்களைப் புதிய கணினி சத்தமில்லாமல் கழித்துக்கட்டிவிட்டது. ஒன்றாம் தேதி முதல் ஒன்பதாம் தேதி வரை பிறந்த அத்தனை பேரையும்.

என் தம்பி தோர்கில் பிறந்தது மார்ச் நான்கு. பெனிசிலின் பட்டால் அவனுக்குத் தொண்டை அடைத்துவிடும். இன்று ஒன்பதரைக்கு அவனுக்கு முழங்காலில் அறுவை. மணி ஒன்பது நாற்பது.

"அவனே சொல்லியிருப்பான், பயப்படாத" என்றான் ப்ரீபன்.

"சொல்லமாட்டான்டா! எண்ணைச் சொன்னா எல்லாம் அதுல இருக்கும்னு நம்புற ஆளு. நீயும் நானும் அப்படித்தானே?"

அவசரத்தில் இரண்டு முறை தவறான எண்ணை அழுத்தினேன். மூன்றாவது முறை அறுவை அரங்கின் செவிலி எடுத்தாள்.

"தோர்கிலுக்குப் பெனிசிலின் ஆகாது! போட்டுடாதீங்க!"

"திரையில ஒண்ணும் இல்லையே. ஊசி கையில இருக்கு, அவரு மயக்கத்துல இருக்காரு. நீங்க யாரு, டாக்டரா?"

ப்ரீபன் வேண்டாம் என்று கையசைத்தான். வேலை போகும் என்று எனக்கும் தெரியும்.

"திரையில இருந்து அதை அழிச்சவளே நான்தாங்க."

மறுமுனையில் தட்டில் எதையோ வைக்கும் சத்தம் கேட்டது.

"கீழ வெச்சுட்டேன். நல்லாத்தான் தூங்குறாரு."

தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். அழுது முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"சரிம்மா, இன்னும் யாரு யாரு?"

மூவாயிரம் பேர். நேற்று மாலை ஐந்து மணியிலிருந்து. அவள் கேட்கும்வரை என் தம்பியைத் தவிர அவர்களில் ஒருவரைக்கூட நான் நினைக்கவில்லை.