ஜீப்பு மாறி ஏறியவள் யார்?

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மடியில் பிள்ளை இருக்கிறவள் சுவரோரம் சாய்ந்துகொள் ஆத்தா. ஒரு புத்தகத்தால் ஒரு வீட்டு வளைகாப்பு நின்றுபோகப் பார்த்த கதையைச் சொல்கிறேன். சிரித்து வயிறு வலித்தால் என்னைத் திட்டக்கூடாது.

சிலமலை ஈஸ்வரி, தினமும் ஜீப்பில் மலையேறி ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் பறிக்கப் போகிறவள். ஜீப்பில் நடந்தது, வீட்டில் நடந்தது, தான் அசடு வழிந்தது என்று ஒன்று விடாமல் நோட்டில் எழுதிவைப்பாள். போடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஃபாயிசா அதைப் படித்துவிட்டுக் கடையிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். தானே டைப் அடித்துப் புத்தகமாகவும் போட்டுவிட்டாள். ‘ஏறு ஏறு, எடமிருக்கு’ என்று பெயர். பதினெட்டுப் பேரை அடைத்த பிறகும் ஜீப்புக்காரர்கள் சொல்கிற வார்த்தை அதுதானே!

புத்தகம் வந்த வாரத்திலிருந்து ஈஸ்வரியால் தெருவில் நிம்மதியாக நடக்க முடியவில்லை. முதல் புகார் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது.

“ஏன்டி, என் கொறட்டைக்கு நாலு பக்கமா?” என்று புருசன் பாண்டித்துரை முறைத்தான். “டீக்கடையில போயி உக்காந்தா, ஒருவாட்டி விட்டுக் காட்டுங்கண்ணேங்கிறாய்ங்க.”

“காட்டுனீங்களா?”

“முழிச்சிக்கிட்டு இருக்கயில அது எங்கிட்டு வருது?”

ஆனால் ஊரையே புரட்டிப்போட்டது எட்டாவது கட்டுரை. மார்கழிப் பனி. குல்லாவும் அதற்கு மேல் துண்டுமாக எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி நிற்கிற விடியற்காலை. ராசிங்காபுரத்து மங்கம்மா என்கிறவள் ஜீப்பு மாறி ஏறிவிடுகிறாள். தூங்கிக்கொண்டே மலையேறி, வழக்கமாகப் போகிற தோட்டமென்றே நினைத்து, யாரோ ஒருவருடைய தோட்டத்தில் பொழுதுக்கும் காய் பறிக்கிறாள். செடியடியில் சருகு ஒதுக்கவில்லை என்று அந்தத் தோட்டத்துக் கங்காணியைக் கண்டபடி ஏசவும் செய்கிறாள். சாயங்காலம் எடைபோடும்போது பார்த்தால், பட்டியலில் அவள் பேர் இல்லை. “இருவது வருசமா வர்றேன், எம் பேரை அடிச்சிட்டியா?” என்று அவள் போட்ட சத்தத்தில் கங்காணி மிரண்டு, மன்னிப்புக் கேட்டுப் பேரைச் சேர்த்துக்கொள்கிறான்.

மங்கம்மா என்று யாரும் கிடையாது. அது ஈஸ்வரியின் மதினி, பாண்டித்துரையின் அக்கா மகாராணி. “வெளிய விட்டே, உன் வாசப்படி மிதிக்கமாட்டேன்” என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அவள் அதைச் சொல்லியிருந்தாள். பேரையும் ஊரையும் மாற்றிவிட்டால் போதுமென்று ஈஸ்வரி நினைத்துவிட்டாள். போதவில்லை. புத்தகம் வந்த மறுநாளிலிருந்து மகாராணி பேச்சை நிறுத்தினாள். போனை எடுக்கவில்லை. வேண்டுமென்றே வேறு ஜீப்பில் ஏறி மலைக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை ஈஸ்வரியின் மகள் முத்துப்பிரியாவுக்கு வளைகாப்பு. அத்தைக்காரிதான் முதல் வளையல் போடவேண்டும். அந்தக் குடும்பத்து வழக்கம் அது. “அத்தை வந்தாத்தான் கையை நீட்டுவேன்” என்று மகளும் சொல்லிவிட்டாள். பாண்டித்துரை வெற்றிலை பாக்கோடு அழைக்கப் போனான். மகாராணி தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள். வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமையும் வந்தது. நல்ல நேரம் பத்தரை வரைக்கும். மணி பத்தைத் தாண்டிவிட்டது. முத்துப்பிரியா மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கிறாள். சந்தனம் கிண்ணத்தில் காய்கிறது. ஈஸ்வரியின் கண் வாசலிலேயே கிடக்கிறது. காத்திருக்கிற பெண்கள் சும்மா இருப்பார்களா? பேச்சு புத்தகத்துக்குப் போனது.

“ஏ ஈஸ்வரி, உண்மையைச் சொல்லிரு. அந்த மங்கம்மா நாந்தான?” என்றாள் கூட வேலை செய்யும் ஜெய்னம்பு. “போன தையில சாந்தம்பாறை போகவேண்டியவ பூப்பாறையில போயி எறங்கிட்டேன். ஒருத்தருக்கும் தெரியாதுன்னுல்ல இருந்தேன்!”

ஈஸ்வரி வாயைத் திறப்பதற்குள், நிசமாகவே ராசிங்காபுரத்துக்காரியான பொன்னுமணி எழுந்துவிட்டாள். “ராசிங்காபுரம்னு அச்சுல போட்டிருக்குல்ல? அப்ப அது நானு. நானும்தேன் மாறி ஏறுனேன்.”

“நீ கங்காணியை ஏசுனியா?” என்று ஜெய்னம்பு மடக்கினாள்.

“ஏசல. அழுதேன்.”

“அழுதவ எப்படிடி மங்கம்மா ஆவே?”

“நீ மட்டும் ஏசுனியாக்கும்? பேசாம டீயைக் குடிச்சிட்டு வந்திருப்பே!”

சிரிப்பில் கூடமே அதிர்ந்தது. “யாருன்னு நீயே சொல்லு” என்று எல்லாருமாக ஈஸ்வரியைப் பிடித்துக்கொண்டார்கள். மதினி பேரைச் சொன்னால் சண்டை ஓய்ந்துவிடும். ஆனால் ஒருமுறை உடைத்த சத்தியத்தை இன்னொருமுறை உடைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

“யாருமில்ல. நானா இட்டுக்கட்டுனது” என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

“இட்டுக்கட்டுனதா?”

குரல் வாசலிலிருந்து வந்தது. வளையல் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மகாராணி நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ!

“மதியச் சோறுகூடத் திங்காம, ஊரு பேரு தெரியாத மலையில மல்லுக்கு நின்னவ நானு. அழுதவளுக்கும் டீக் குடிச்சவளுக்கும் அந்தப் பேரா? ஊரே சிரிக்குதுன்னு பத்து நாளா முக்காடு போட்டுக்கிட்டுத் திரியுறேன். இங்க வந்து பாத்தா, எனக்கு உனக்குன்னு அடிச்சிக்கிறாளுக!”

ஜெய்னம்புதான் முதலில் கைதட்டினாள்.

மகாராணி நேரே ஈஸ்வரியிடம் போனாள். “சத்தியத்தை மீறுனதுக்கு ஒன்னைய அப்புறம் வச்சிக்கிறேன். அந்தக் கங்காணி என்னைய முன்சீட்டுல உக்காரவச்சுப் போடிவரைக்கும் அனுப்புனானே, அதை ஏன்டி எழுதல?”

“நீங்க சொல்லவே இல்லையே மதினி!”

“நீ கேட்டியா?”

ஈஸ்வரி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

“நேரம் போகுது, வெரசா கையைக் குடு ஆத்தா” என்று மகாராணி மருமகள் கையைப் பிடித்தாள். ஒரு வளையலை ஏற்றுவதற்குள் கங்காணி மிரண்ட கதை. அடுத்ததுக்குள் முன்சீட்டுக் கதை. முத்துப்பிரியா சிரித்த சிரிப்பில், “குலுங்காம இருடி, வளையல் ஒடையப் போகுது” என்று அத்தைக்காரி அதட்டவேண்டியதாயிற்று.

கண்ணுகளா, உங்கள் வீட்டில் கோபித்துக்கொண்டு போனவர்கள் பந்தி போடுமுன் திரும்பி வரட்டும். பிள்ளை சுமக்கிறவள் சுகமாய்ப் பெற்று எழட்டும். அடுப்பில் உலை கொதிக்க, கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்க, நீங்களும் உங்கள் சனமும் நன்றாக இருங்கள்.