சுவர் இடிக்கும் நாள்

மேஸ்திரி கிறிஸ்துதாஸ் தலைமுண்டாசை இறுக்கிக்கொண்டு கடப்பாரையைக் கையிலெடுத்தபோது, பெனிஷா டேப்லெட்டை மார்போடு அணைத்தபடி கதவருகே நின்றிருந்தாள். உப்பளம் பகுதியில் அது மார்கரீத் அம்மாளின் பழைய வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த கணவர் இறந்ததும், மிச்சக் காலத்தை ஊரிலேயே கழிக்கலாமென்று திரும்பி வந்திருந்தார். கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவிலிருந்த சுவரை எடுத்துவிட்டு ஒரே பெரிய சலோனாக, விருந்தாளிகள் உட்காரும் கூடமாக ஆக்கித் தரும்படி விஜயராகவனின் டிசைன் ஆபீசில் கேட்டிருந்தார். பிளான் போட்டவள் பெனிஷா. போட்டது அவள் என்பது மார்கரீத் அம்மாளுக்கோ மேஸ்திரிக்கோ தெரியாது.

பிளானை முடித்த கையோடு அவளிடமிருந்த லேப்டாப்பை வாங்கி, புதிதாகச் சேர்ந்த தன் அண்ணன் மகன் எழிலரசனிடம் கொடுத்துவிட்டார் விஜயராகவன். "நீதான் என்னமோ ஸ்லேட்டு வெச்சிருக்கியே, அதுல வரைஞ்சு பழகு" என்றார். ஆபீசே சிரித்தது. சிரித்த ஒவ்வொரு முகத்தையும் அவள் ஞாபகத்தில் வைத்துக்கொண்டாள்.

ஆரம்பத்தில் டேப்லெட்டின் கண்ணாடிமேல் பேனா சோப்பில் வழுக்குவதுபோல வழுக்கியது. கோடு ஒரு பக்கம் போனால் கை ஒரு பக்கம் போனது. லேப்டாப்பில் ஒரே தட்டில் முடிகிற காரியத்துக்கு நாலு இடம் சுற்றிப்போக வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பழகினாள். பழகிய பிறகுதான் அதிலிருந்த வசதி தெரிந்தது. அதை ஏணிமேல் தூக்கிக்கொண்டு ஏறலாம். அப்படித்தான் ஒருநாள் இந்தக் கூடத்தில் ஏறி, ஃபால்ஸ் சீலிங் பலகை ஒன்றைத் தள்ளி, போட்டோ எடுத்து, அதன்மேலேயே கோடு போட்டுக்கொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது. நீளமான ஒரே உத்திரம் என்று அவள் நினைத்திருந்தது இரண்டு உத்திரங்கள். இரண்டின் முனையும் வந்து உட்கார்ந்திருந்தது எடுக்கப்போகிற சுவரின்மேல். சுவர் போனால் மாடியே இறங்கிவிடும்.

அன்றைக்கே டேப்லெட்டில் பிளானைத் திருத்தினாள். மறுநாள் மார்கரீத் அம்மாள் ஆபீசுக்கு வந்திருந்தார். விஜயராகவன் லேப்டாப்பில் பழைய பிளானைக் காட்டி, "நம்ம எழிலரசன் கண்ணு முழிச்சிப் போட்டது மதாம்" என்றார்.

பெனிஷா அவர் காதருகே குனிந்தாள். "சார், அந்தச் செவத்த எடுக்க முடியாது. மேல உத்திரம்..."

"ஸ்லேட்ட மூடு பெனிஷா. பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல?"

மூடினாள்.

அன்று வீடு திரும்ப, தவளக்குப்பம் போகிற பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கை வலிக்க ஆரம்பித்த பிறகுதான், எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. விஜயராகவனுக்கு எழுதி அனுப்பலாமென்று போனை எடுத்தாள். பாதி அடித்துவிட்டு அழித்தாள். சொல்லியாயிற்று. மூடச் சொன்னது அவர். இனிமேல் சொல்வதென்றால் எல்லோருக்கும் முன்னால்தான் சொல்ல வேண்டும், அந்த ஆள் ஒரு வார்த்தையும் திருப்பிப் பேச முடியாத இடத்தில். மார்கரீத் அம்மாளுக்குப் போன் போட்டாள். "இடிக்கிற அன்னிக்கு நீங்க கண்டிப்பா வந்து நிக்கணும் மதாம். உங்க வீடு, நீங்க பாக்கணும்." ஆரம்பிக்கும்போதே நிறுத்திவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்று கிறிஸ்துதாஸின் முதல் அடியில் காரை பெயர்ந்து விழுந்தது. வாயைத் திறந்தவள், மார்கரீத் அம்மாளோடும் எழிலரசனோடும் நின்றிருந்த விஜயராகவனைப் பார்த்தாள். அவர் இன்னும் பெருமைப் பேச்சைத் தொடங்கவில்லை. கொஞ்சம் போகட்டும் என்று இருந்தாள். செங்கல் ஒவ்வொன்றாக வந்தது. கிறிஸ்துதாஸ் சுவருக்கு நேர் கீழே நின்று நெம்பிக்கொண்டிருந்தார்.

"பாருங்க மதாம், சாயங்காலத்துக்குள்ள ஒரே ஹாலு. எழிலு போட்ட பிளான்னா பிசகாது" என்றார் விஜயராகவன்.

மேலே எங்கோ மரம் முனகியது.

"நிறுத்துங்க!" பெனிஷாவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. டேப்லெட்டைத் திறந்து மார்கரீத் அம்மாள் முன்னால் நீட்டினாள். போட்டோ, அதன்மேல் சிவப்புக் கோடு, இரண்டு முனைகள்.

"மோன் தியே, கடவுளே!" என்று நெஞ்சில் கை வைத்தார் மார்கரீத் அம்மாள். பிறகு எழிலரசன் பக்கம் திரும்பினார். "நீதான வரைஞ்ச? உத்திரம் எங்க முடியுது, சொல்லு."

அவன் சித்தப்பாவைப் பார்த்தான். சித்தப்பா தரையைப் பார்த்தார். காது வரை அவர் முகம் சிவந்து கறுத்தது. பஸ்ஸில் எத்தனையோ தடவை பெனிஷா மனசுக்குள் பார்த்துவைத்திருந்த முகம்தான். நேரில் இன்னும் நன்றாக இருந்தது.

"மொதல்ல இந்தப் பொண்ணுதான் வரைஞ்சிருக்கும், இல்லியா? இனிமே அதுவே பாக்கட்டும். நீங்க கெளம்புங்க" என்றார் மார்கரீத் அம்மாள். விஜயராகவன் வெளியே போனார். எழிலரசன் பின்னாலேயே ஓடினான். கார் கதவு அறைந்து மூடும் சத்தம் கேட்டது. மார்கரீத் அம்மாள் யாருக்கோ போன் செய்துகொண்டே வாசலுக்குப் போனார்.

கிறிஸ்துதாஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தை எட்டிப் பார்த்தார்.

"இது எப்ப எடுத்தது மா?"

அவள் டேப்லெட்டை மூடினாள்.

"நான் இடிக்கும்போதே தெரியுமா?"

"சார்கிட்ட சொன்னேன் மேஸ்திரி. அவருதான்..."

"எங்கிட்ட சொன்னியா?"

அவர் காத்திருக்கவில்லை. ஆட்களைக் கூப்பிட்டு சவுக்குக் கம்புகளை உள்ளே கொண்டுவரச் சொன்னார். சீலிங் பலகைகளைப் பிரித்து, உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்து, அடியில் ஆப்பு வைத்து அடிக்க ஆரம்பித்தார். "தள்ளிப் போம்மா" என்றார் திரும்பிப் பாராமல். பெனிஷா போகவில்லை. அடி விழுந்த ஒவ்வொரு தடவையும் மேலேயிருந்து வெள்ளையாகச் சுண்ணாம்பு உதிர்ந்து அவள் தலையிலும் தோளிலும் படிந்துகொண்டிருந்தது.