அண்ணனின் கட்டைவிரல்

1

இந்தக் கதை சுவர் வழியாக வந்தது. என் எழுத்து மேசைக்கு அந்தப் பக்கம், பல் செட் செய்பவளின் வீடு. ஒரு வாரமாக அங்கிருந்து டங், டங் என்று இரும்பு அடிபடும் சத்தம். சண்டை போடலாம் என்றுதான் போனேன். கூடத்தின் நடுவில், பழைய படுக்கை விரிப்பின் மேல், ஒரு பழங்கால மோட்டார் சைக்கிள் நின்றது. சண்டையை அங்கேயே மறந்துவிட்டுக் கதையோடு திரும்பினேன்.

மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் எங்கே ஊற்றுவது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் துணிச்சலில் இப்படித் தொடங்கினேன்:

துருவின் வாசனையில் காலம் உறைந்து கிடந்த அந்தக் கூடத்தில்—

அவளிடம் படித்துக் காட்டினேன்.

"துரு எங்கேங்க வாசனை அடிக்குது? டீசல் நாத்தம்தான் தலையைச் சுத்துது."

அந்த வரி அத்தோடு போயிற்று.

2

சரி, நேராகவே சொல்கிறேன். வண்டி அவளுடைய அண்ணனுடையது. வங்கி மேலாளர், குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். அந்தக் காலத்தில் அவர் ஓட்டுவார், தங்கை பின்னால் உட்கார்ந்து போவாள். "எனக்கும் கத்துக்குடுண்ணா" என்று அவள் நச்சரிக்கத் தொடங்கிய வருடம், மழைக்காலம் முழுக்க ஷெட்டில் நின்ற வண்டியின் கிக்கர் அப்புறம் இறங்கவே இல்லை. "எஞ்சின் ஜாம். இனிமே இது வெறும் இரும்பு" என்று அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இப்போது அந்த ஷெட்டை இடிக்கப் போகிறார். தங்கை வண்டியைக் கேட்டாள். அவர் சிரித்தார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள எஞ்சின் ஒரு சுத்து சுத்தட்டும், வண்டி உனக்கு. இல்லேன்னா அன்னைக்கே இரும்புக்கடைக்கு. எதுக்கு வீணா வீட்டை நாசம் பண்ணிக்கிறே?"

அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான்: அந்த வண்டியில் ஒருமுறையாவது முன்னால் உட்கார்ந்து போக வேண்டும்.

3

கணவன் விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம். பேருந்து நடத்துநர். நாளெல்லாம் நின்றே வேலை பார்த்துவிட்டு வந்து, கூடத்தில் டீசல் ஊற்றும் மனைவிக்கு டார்ச் பிடிக்கிறவனைக் கதையில் யார் நம்புவார்கள்? கொஞ்சம் முணுமுணுக்க வைத்தேன். [சேர்த்தது: "சாப்பிடுற தட்டை எங்கே வைக்கிறது, டேங்க் மேலயா?"] பிறகு விசாரித்தால், அவன் நிஜமாகவே அப்படிக் கேட்டிருக்கிறான். கேட்டுக்கொண்டேதான் டார்ச்சும் பிடித்திருக்கிறான்.

வண்டி வீட்டுக்குள் வந்ததே ஒரு கூத்து. பின்சக்கரம் சுற்றவில்லை. சோப்புத் தண்ணீரில் நனைத்த சாக்கை அதன் அடியில் கொடுத்து இருவரும் இழுத்தே வந்தார்கள். எஞ்சின் பிடித்துக்கொண்டால் சக்கரமும் சுற்றாதுதானே என்று விட்டுவிட்டார்கள்.*

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றினாள். உள்ளே இறுகிப்போன பிஸ்டன் ஊறி இளகட்டும் என்று விட்டுவிட்டு, தினமும் கிக்கரைத் தட்டிப் பார்த்தாள். அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்த டங், டங். சனிக்கிழமை சாயங்காலம் வரை இம்மி அசையவில்லை.

"போதும், விடும்மா," என்றான் கணவன்.

அவள் அழுதுவிட்டாள். (இதை எடுத்துவிடச் சொன்னாள். எடுக்க மாட்டேன்.)

* நானும் அப்படியே எழுதினேன். நீங்களும் அப்படியே படித்தீர்கள்.

4

மெருகேற்றாமல் எந்தப் பல் செட்டும் அவள் கையை விட்டுப் போகாது. வண்டி இரும்புக்கடைக்குத்தான் போகிறது என்றாலும் அழுக்காகப் போக வேண்டாம் என்று நினைத்தாள். ஞாயிறு காலை, பல்லுக்குக் கம்பி வளைக்கும் குறடால் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டாள். பிறகு சீட்டில், முன்பக்கம், ஏறி உட்கார்ந்தாள். போகப்போகிற வண்டிதானே என்று கிக்கரின் மேல் காலை வைத்தாள்.

கிக்கர் இறங்கியது.

அவள் போட்ட கூச்சலில் நான் செருப்பில்லாமல் ஓடினேன்.

"எஞ்சினுக்கு ஒண்ணுமே இல்லீங்க! பின் பிரேக் துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டிருக்கு. வண்டி ரெண்டாவது கியர்ல நிக்குது. கியர்ல நின்னா எஞ்சினும் சக்கரமும் சேர்ந்துதான் சுத்தணும். சக்கரம் சுத்தாம கிக்கர் எப்படி இறங்கும்? செயினைக் கழட்டினதும் எஞ்சின் தன்பாட்டுக்குச் சுத்துது. இத்தனை வருஷமும் நல்லாத்தான் இருந்திருக்கு!"

"கியர்லயே நிறுத்தினது யாரு?" என்றான் கணவன்.

கடைசியாக ஓட்டியவர் ஒரே ஒருவர்தான். மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

5

அண்ணன் வெள்ளைச் சட்டையில் வந்தார், கூடவே இரும்புக்கடைக்காரரும்.

"என்ன, சுத்துச்சா?"

"பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால அழுத்திப் பிடிண்ணா."

"எதுக்கு?"

"பிடியேன்."

பிடித்தார். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். பிஸ்டன் தள்ளிய காற்றில் கட்டைவிரல் பட்டென்று எகிறியது. ஒரு வாரம் ஊறிய எண்ணெய் முழுவதும் அவர் சட்டையில். நடத்துநர் பையிலிருந்து விசிலை எடுத்து வீடே அதிர ஊதினான்.

"இது நமக்கு ஆகாதுங்க," என்று இரும்புக்கடைக்காரர் நடையைக் கட்டினார்.

எனக்குக் கை தட்டுவதா எழுதுவதா என்று தெரியவில்லை. தட்டினேன்.

6

முடிவுக்கு மூன்று வழி வைத்திருந்தேன்.

[அ. அண்ணன் கண் கலங்கி மன்னிப்புக் கேட்கிறார்— வெட்டியாயிற்று. அவரைத் தெரிந்தவர்கள் என்னை அடிக்க வருவார்கள்.]

[ஆ. வண்டி கர்ஜித்துக்கொண்டு தெருவில்— அதுவும் போயிற்று. பிரேக் இன்னும் பிரியவில்லை. கார்புரேட்டர் சாப்பாட்டு மேசையில் பல் செட் டப்பாவுக்குள் கிடக்கிறது. வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.]

இ. நடந்தது இதுதான். வண்டி கியரில் நிற்பது அண்ணனுக்கு அன்றைக்கே தெரியுமா, தெரியாதா என்று நான் அவள் காதோடு கேட்டேன். "அதை விடுங்க," என்றாள் அவள், அவ்வளவு சந்தோஷம். அண்ணன் கட்டைவிரலையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, குரலை ரொம்பத் தாழ்த்தி, "ஓட ஆரம்பிச்சா எனக்கும் ஒரு ரவுண்டு குடுப்பியா?" என்றார்.

"அதுக்கென்னண்ணா, பின்னாடி உக்காரு. கூட்டிட்டுப் போறேன்."

அதற்கு அவர் என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கோபித்துக்கொண்டு போகட்டும், சிரிக்கட்டும், உங்கள் இஷ்டம். ஒரே ஒரு நிபந்தனை: அவரை மட்டும் முன்னால் உட்கார வைத்துவிடாதீர்கள்.