மோரிகனின் பங்கு

காலையில் தொடங்கிய சண்டை உச்சிப்பொழுதுக்குள் முடிந்துவிட்டது. மாடு கவர வந்த வடகரைக்காரர்கள் அயர்லாந்தின் ஷானன் ஆற்றைத் தாண்டி ஓடிவிட்டார்கள். தென்கரைப் பெண்கள் தங்கள் ஆண்களைத் தேடி ஆற்றுத்துறைக்கு இறங்கினார்கள்.

ரோனத் பிறந்தது வடகரையில், வாழ்க்கைப்பட்டது தென்கரையில். அவள் கணவன் கெல்லாக்கின் உடலை மாமியார் டெர்வால்தான் முதலில் கண்டாள். மார்பின்மேல் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. ரோனத் விரட்டக் கை ஓங்க, டெர்வால் பிடித்துக்கொண்டாள். களத்துக்கு வரும் காகம் வெறும் பறவை அல்ல, போர்த்தெய்வம் மோரிகன். விழுந்தவர்களில் அவளுக்குப் பங்கு உண்டு. விரட்டினால் வீட்டில் மிஞ்சியவர்களையும் கேட்பாள். அது தானாகப் பறக்கும்வரை இருவரும் நின்றார்கள்.

பிறகு வண்டி கொண்டுவரப் போன ரோனத், நாணல் ஓரத்தில் தன் தம்பி லோர்கனைக் கண்டாள். வயிற்றில் ஈட்டிக் காயம், மூச்சு இருந்தது. குற்றுயிராகக் கிடந்த எதிரிகளைப் பெண்கள் கத்தியால் முடித்துக்கொண்டே வந்தார்கள். அவள் அவன்மேல் விழுந்து, செத்தவனுக்கு அழுவதுபோல் ஒப்பாரி வைத்தாள்.

டெர்வால் வந்து நின்றாள். லோர்கனின் தலைமாட்டில் ஒரு காகம் நடந்துகொண்டிருந்தது.

"காக்கா இன்னும் கொத்தல. உன் தம்பிக்கு உசுரு இருக்கு."

"இருக்கு அத்தை."

"என் மகனக் கொன்னது இவனா?"

ரோனத்துக்குத் தெரியவில்லை. லோர்கன் கண் திறந்தான்.

"தெரியலம்மா. யார் மூஞ்சியையும் நான் பாக்கல. தண்ணி குடுங்க."

டெர்வால் கையில் கத்தியோடு வெகுநேரம் அவனைப் பார்த்தாள். பிறகு கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, முக்காட்டுத் துணியை ஆற்றில் நனைத்து வந்து அவன் வாயில் பிழிந்தாள். காகம் நெருங்கியது. பெற்ற மகனுக்காக விரட்டாத காகத்தை அந்த ஈரத்துணியை வீசி விரட்டினாள். மற்றப் பெண்கள் பயந்து விலகிப் போனார்கள்.

பொழுது சாய்வதற்குள் லோர்கன் இறந்தான்.

மறுநாள் கெல்லாக்கைப் புதைத்தார்கள். வீடு திரும்பியதும் டெர்வால் மாட்டுவண்டியைப் பூட்டி, லோர்கனைக் கிடத்தி, ரோனத்தின் துணிமணிகளையும் ஏற்றினாள்.

"உன்மேல தப்பில்ல. ஆனா உன்னப் பாக்கறப்பல்லாம் எனக்கு இவன்தான் ஞாபகம் வருவான். உங்கப்பா வீட்டுக்குப் போயிடு."

நடு ஆற்றில் சக்கரம் மணலில் புதைந்தது. ரோனத் தனியாகத் தோள்கொடுத்துத் தள்ளினாள். எதிர்க்கரையில் கூட்டமாக நின்று பார்த்தார்கள். அவர்களில் அவள் அப்பா மட்டும் தண்ணீரில் இறங்கி வந்தார். வண்டியில் கிடந்தவனைப் பார்த்தார். மறுபக்கச் சக்கரத்தைப் பிடித்தார்.