பத்து டிகிரி

சோதனை தொடங்கி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அதில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தது பத்து நிமிடம்கூட இருக்காது. கண்ட்ரோல் ரூமின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தார், தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடிக்காமலே மூடினார், திரையில் நீராவியின் சூட்டைப் பார்த்தார், உடனே மறுபடியும் பார்த்தார். முந்நூற்று எண்பத்தொன்று. அதேதான். "சார், நீங்க நடக்கிற நடைக்கு ஒரு டைனமோ கட்டினா இன்னும் ரெண்டு மெகாவாட் வரும்" என்றான் பேனலில் இருந்த ஆபரேட்டர். வாய் ஓயாதவன் என்பதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். அவர் சிரிக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் அவருக்கும் ஒரு பெயர் இருந்தது: பூட்டு. சந்தேகம் வந்தால் முதலில் வால்வை மூடிவிட்டுப் பிறகு யோசிப்பவர். இருபத்திரண்டு வருடங்களாக அந்த எரிவாயு மின் நிலையத்தில் அவர் ஷிஃப்டில் ஒரு டர்பைன் பிளேடுகூடக் கெட்டதில்லை.

சுற்றுச்சுவருக்கு அப்பால், தரிசாகக் கிடந்த நிலம் முழுக்க இப்போது கண்ணாடி. வளைந்த நீளக் கண்ணாடிகள் வரிசை வரிசையாக நின்று, வெயிலை ஒரு குழாயில் குவித்து, உள்ளே ஓடும் எண்ணெயைக் காய்ச்சின. அந்த எண்ணெய் தண்ணீரை நீராவியாக்கியது. அந்த நீராவி சுவரைத் தாண்டி வந்து, எரிவாயுவின் சூட்டில் பிறந்த நீராவியோடு கலந்து, ஒரே டர்பைனைச் சுற்றியது. வெயில் இருக்கும்வரை எரிவாயுவைக் குறைக்கலாம், வெயில் போனால் கூட்டிக்கொள்ளலாம். சொல்வதற்கு அவ்வளவுதான்.

அந்தக் கண்ணாடி வயலின் தலைமைப் பொறியாளர் அவருடைய சொந்தத் தங்கை.

மூன்று வருடங்களுக்கு முன்னால் அவள் இந்தத் திட்டத்தை நிர்வாகத்தின் முன் வைத்தபோது, கருத்துக் கேட்டார்களே என்று எழுந்து நின்ற அண்ணன், "வெயிலை நம்பி டர்பைன் ஓட்டறது தூங்கிக்கிட்டே லாரி ஓட்டற மாதிரி" என்றார். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் திட்டம் ஒன்றரை வருடம் கிடப்பில் விழுந்தது. அன்றிலிருந்து அவள் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுகிறாள். வீட்டுக்கு வருவாள், சமையலறையில் அண்ணியோடு மணிக்கணக்காகப் பேசுவாள், வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். "ரெண்டு பேரோட நீராவியும் ஒரே குழாய்ல போகுமாம், நீங்க ரெண்டு பேரும் ஒரே மேஜையில உக்கார முடியாதாம்" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

வயலிலிருந்து வரும் நீராவி ரொம்பவும் ஆறிவிட்டால் அதில் ஈரம் சேர்ந்துவிடும். ஈர நீராவி பட்டால் பிளேடுகளைக் கல்லால் அடித்த மாதிரி. டர்பைன் செய்தவர்கள் கொடுத்த எல்லை முந்நூற்று நாற்பது டிகிரி. அவர் விதிப்புத்தகத்தில் முந்நூற்றைம்பது என்று எழுதினார். கூடுதல் பத்து எதற்கு என்று அவள் கடிதம் போட்டுக் கேட்டதற்கு, 'பாதுகாப்பு கருதி' என்று ஒரே வரியில் பதில் போனது. ஏற்கெனவே இரண்டு சோதனைகள் தோற்றிருந்தன; முதலாவதில் சூடு முந்நூற்றைம்பதைத் தொட்டதுமே அவர் மூடிவிட்டிருந்தார். இது மூன்றாவது. நான்கு மணி நேரம் இடைவிடாமல் ஓட வேண்டும். இதுவும் தோற்றால் வயல் வெறும் வெந்நீர் அடுப்பாகிவிடும், அவள் ஆட்களைக் கலைத்துவிடுவார்கள்.

ஒன்று பத்துக்குப் போன் அடித்தது. வயலிலிருந்து தங்கை.

"மேற்கே மேகம் வருது சார். பெரிசில்லை. எண்ணெய் ஓட்டத்தைக் குறைச்சுச் சமாளிக்கறேன்."

"சரி" என்றார். கூடுதல் பர்னரை ஏற்றும்படி ரேடியோவுக்குச் சைகை காட்டினார். ஜன்னலுக்கு வெளியே, பளபளத்த வரிசைகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வந்தன. முந்நூற்று எழுபது. முந்நூற்று அறுபத்திரண்டு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சோதனையை மதிப்பிட வந்த குழுவின் மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"நாலு நிமிஷம் கொடுங்க சார். மேகத்தோட வால் தெரியுது."

முந்நூற்று ஐம்பத்திரண்டு. அவர் விரல் தானாகவே வால்வை மூடும் பொத்தானுக்குப் போய்விட்டிருந்தது. அப்போதுதான் அந்தப் பத்து டிகிரியை எழுதிய மத்தியானம் நினைவுக்கு வந்தது. கணக்குப் போட்டு எழுதியதல்ல அது. தன்னைக் கேட்காமலே திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்துவிட்ட கடிதத்தைப் படித்து, பெற்றுக்கொண்டதாகக் கீழே கையெழுத்துப் போட்டு, மூடியைக்கூடப் போடாமல் அதே பேனாவால் எழுதியது.

முந்நூற்றைம்பது. அவர் விரலை எடுத்தார்.

"சார்... நாப்பத்தொம்பது" என்றான் ரேடியோ.

"தெரியுது."

நாற்பத்தேழு. நாற்பத்தைந்து. ரேடியோ வாயை மூடிக்கொண்டான், அதுவே அவருக்குப் பயமாக இருந்தது. போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவள் யாரிடமோ கத்துவதும், மூச்சு வாங்குவதும் கேட்டன. நாற்பத்து மூன்று.

"ஐயோ, பின்னாடி இன்னொண்ணு!" அவள் குரல் உடைந்தது. "மறைஞ்சு வந்திருக்கு. சூட்டைப் பிடிச்சு நிறுத்த முடியாது. மூடிடு. அண்ணா, மூடிடு!"

மூடினார். வெளியே, போக இடமில்லாத நீராவி கூரைக்குழாய் வழியாகப் பெரும் சத்தத்தோடு பீறிட்டது. திரையில் சோதனைக் கோடு அறுந்து நின்றது.

கூட்ட அறைக்கு அவள் தலைக்கவசத்தோடும் முகமெல்லாம் புழுதியோடும் வந்தாள். குழுத் தலைவி சுற்றி வளைக்கவில்லை. "எல்லை முந்நூற்றைம்பது. அதுக்குக் கீழே ரெண்டரை நிமிஷம் ஓட விட்டிருக்கீங்க. யாரைக் கேட்டு?"

"நான்தான் கேட்டேன்" என்றாள் தங்கை.

"கேட்டது அவங்க. விட்டது நான்" என்றார் அவர். "அந்தப் பத்து டிகிரி டர்பைனுக்குத் தேவையில்லை மேடம். எனக்குத்தான் தேவைப்பட்டுது. முதல் சோதனையிலயும் நான் மூடாம இருந்திருந்தா, நாப்பத்தாறுக்கு இறங்கி மேல ஏறியிருக்கும்."

தங்கை மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள். வயலுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டா என்று பேசி முடிவெடுக்கும்வரை இருவரையும் வெளியே இருக்கச் சொன்னார்கள்.

தாழ்வாரத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். அவள் உட்காரவில்லை.

"நாப்பத்தாறுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்குச் சாயந்தரமே எண்ணெயோட சூட்டுப் பதிவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்."

"ஏழு மாசம் ஆச்சு."

"ம்."

"ஏழு மாசமா என் ஆளுங்க ஒவ்வொரு குழாயையும் பிரிச்சு மாட்டினாங்க. எங்கே தப்புன்னு தேடித் தேடி."

மன்னிப்பு என்ற சொல் தொண்டைவரை வந்தது. அங்கே வைத்துப் பார்த்தபோதே அது போதாது என்று தெரிந்தது. அவள் தாழ்வாரத்தின் கடைசிவரை நடந்துபோய்த் திரும்பி வந்தாள். அவரும் எழுந்தார், உட்கார்ந்தார்.

"இன்னிக்கு மட்டும் ஏன் விட்டே?"

"தெரியலை."

"தெரியாம நீ எதையும் செய்யற ஆள் இல்லையே."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாலு நிமிஷம் கேட்டே. மூணு வருஷத்துல நீ எங்கிட்ட கொடுன்னு கேட்டது அது ஒண்ணுதான்."

அவள் தலைக்கவசத்தைக் கழற்றினாள். நெற்றியில் அதன் விளிம்பு பதிந்து சிவந்திருந்தது. "அந்த ரெண்டாவது மேகத்தை நான் பார்த்திருக்கணும்."

"ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு ஒளிஞ்சு வந்தா யாரால பார்க்க முடியும்?"

"பார்க்கறதுதான் என் வேலை. எனக்கு நீ சமாதானம் சொல்லாதே." வெடுக்கென்று சொல்லிவிட்டு, பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். தொடைமேல் வைத்த தலைக்கவசத்தில் அவள் விரல்கள் தாளம்போல் தட்டிக்கொண்டே இருந்தன.

உள்ளே குரல்கள் உயர்ந்தன, அடங்கின. யாரோ சிரித்தார்கள். நாற்காலிகள் தரையில் உரசின. கதவுக்கடியில் தெரிந்த வெளிச்சத்தை இரண்டு கால்களின் நிழல் வந்து மறைத்தது, விலகியது, மறுபடியும் வந்து நின்றது. அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். கதவின் பிடி பாதிவரை கீழே இறங்கியது. அங்கேயே நின்றது. அதைப் பிடித்திருந்தவர் இன்னும் உள்ளே திரும்பி யாரிடமோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.