லவோதிக்கேயாவில் கேட்ட மன்னிப்பு

துர்முஷுக்கு இரண்டு முழங்காலும் வலித்தன. முப்பது வருஷம் இந்த லவோதிக்கேயா மேட்டில் புதைந்த பழைய நகரத்தைத் தோண்டிக் கல் புரட்டியதில் மிச்சம் அந்த வலிதான். பாதிச் சரிவிலேயே ஒரு தூண் துண்டின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

நாளைக் காலை ஹஜ்ஜுக்குப் புறப்பட வேண்டும். போகிறவன் எல்லாரிடமும் மன்னிப்பு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். இரண்டு நாளாக வீடுவீடாக ஏறி இறங்கியாயிற்று. எஞ்சியவன், கூடத் தோண்டிய வெய்சல் ஒருவன். அவனிடம் வாங்காமல் போனால் மெக்காவுக்குப் போவதும் சந்தைக்குப் போவதும் ஒன்றுதான். எழுந்து நடந்தான்.

பழைய தேவாலயத்தில் வெய்சல் பெருக்கிக்கொண்டிருந்தான். வலது கையில் மூன்றே விரல். துடைப்பத்தை அக்குளில் இடுக்கித் தள்ளினான். கொரியாவிலிருந்து வந்த கூட்டமொன்று ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றி நின்று பாடிக்கொண்டிருந்தது.

"வாய்யா ஹாஜி," என்றான் வெய்சல். "இன்னும் போகவே இல்ல, அதுக்குள்ள தாடி வந்துடுச்சே."

"உன்னப் பாக்கத்தான் வந்தேன்."

"பதினோரு வருஷமா பாக்காதவன். சரி, வந்தது வந்துட்ட, சுத்திப் பாரு. நீ தோண்டுன எடந்தான். அப்பல்லாம் குனிஞ்சே கெடந்தோம், எதப் பாத்தோம்?"

வெய்சல் கூடவே நடந்தான். சிலுவை செதுக்கிய கல் ஒன்றைத் துடைப்பத்தால் தட்டினான். "இந்தப் பழைய ஊர்க்காரங்களுக்கு அந்தக் காலத்துல ஒரு காயிதம் வந்துச்சாம், பைபிள்ல இருக்காம். சூடாவும் இல்ல, குளிராவும் இல்ல, உங்கள வாயிலேருந்து துப்பிடுவேன்னு. வழிகாட்டிங்க தெனமும் சொல்லி எனக்கே மனப்பாடம்."

துர்முஷ் தொண்டையைச் செருமினான். "தெரிஞ்சும் தெரியாமயும் உனக்கு ஏதாவது செஞ்சிருந்தா மன்னிச்சு விட்டுடு, வெய்சல்."

"ஏதாவதுன்னா எது?"

"எல்லார்கிட்டயும் இப்படித்தானே கேக்கறது."

"எல்லாருக்கும் வெரல் போகலயே."

பதினோரு வருஷத்துக்கு முன்னால், அன்று சாப்பாட்டு நேரம். மரக்கட்டை எடுத்துவரச் சோம்பல்பட்டு, துர்முஷ் ஓர் ஓட்டுத்துண்டைத் தூணுக்கு முட்டுக் கொடுத்தான். ஓடு நொறுங்கித் தூண் வெய்சலின் கைமேல் உருண்டது. மேஸ்திரி எல்லார் முன்னாலும் கேட்டபோது, முட்டு வைத்தது வெய்சல்தான் என்று சொல்லிவிட்டான். வெய்சலுக்கு நஷ்டஈடு கிடைக்கவில்லை. துடைப்பம் கிடைத்தது.

"வெரல விட்டுட்டேன்யா," என்றான் வெய்சல். "கல்லுன்னா உருளத்தான் செய்யும். ஆனா எம் மவனே 'உன் அஜாக்கிரததானப்பா'ங்கறான். அத விட முடியல. சாயங்காலம் பள்ளிவாசல் முற்றத்துல விருந்து வெக்கறல்ல? மைக்கப் புடிச்சு, முட்டு வெச்சது நாந்தான்னு சொல்லு. அங்கயே மன்னிச்சுடறேன்."

"ஊரே இருக்கும்டா."

"பொய் சொன்னப்பவும் ஊரே இருந்துச்சு."

சாயங்காலம் நூற்றைம்பது பேர் கொண்டைக்கடலைச் சோறு தின்றார்கள். வெய்சல் மகனோடு வந்து பின்சுவரோரம் நின்றான், கையிலிருந்த தட்டில் சோற்றைத் தொடவில்லை. துர்முஷ் மைக்கைப் பிடித்தான். தன்னையே பார்த்துக்கொண்டிருந்த வெய்சலைப் பார்த்தான்.

"தெரிஞ்சும் தெரியாமலும் யாருக்காவது தப்புப் பண்ணியிருந்தா மன்னிச்சு விட்டுடுங்க."

"விட்டோம், விட்டோம்," என்றது கூட்டம். வெய்சல் தட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு வெளியேறினான்.

விடிந்ததும் ஊரார் கட்டித் தழுவி துர்முஷைப் பேருந்தில் ஏற்றினார்கள். வெய்சலுக்கு அவன் தர வேண்டிய ஒரே வாக்கியம் தரப்படாமலே கிடந்தது: முட்டு வைத்தது நான்.