எட் உக்ஸ்.

1

இந்தக் கதை என் கைப்பிசகில் பிறந்தது. பிசகு என்பதைவிடப் பழக்கம் என்று சொல்லலாம். பதினாறு வருடமாக வக்கீல் ஆபீஸில் பத்திரம் டைப் செய்கிறேன். கணவன் பெயரை அடித்து, பக்கத்தில் 'எட் உக்ஸ்.' என்று போடுவது எங்கள் வழக்கம். லத்தீன், 'மற்றும் மனைவி' என்று அர்த்தம். அவள் பெயரை அடிக்கத் தேவையில்லை. அக்காவும் அத்தானும் சேர்ந்து வீடு வாங்கியபோதும் அப்படியே போட்டுவிட்டேன். சொந்த அக்காவுக்கு!

2

மழை ஓய்ந்த ஒரு மாலையில் அக்கா ஜன்னலோரம்

[இல்லை. மழையும் இல்லை, ஜன்னலும் இல்லை.]

அத்தான் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவருடைய அண்ணன் ஒரு பழைய உயிலோடு வந்தார். கல்யாணத்துக்கு முன்னால் எழுதி, மாற்ற மறந்தது. தன் சொத்தெல்லாம் அண்ணனுக்கு என்று அதில் இருந்தது.

"பாதி வீடு என்னோடது," என்றாள் அக்கா.

"பத்திரத்துல உன் பேரு எங்கம்மா?"

"மனைவின்னு இருக்கே."

"பத்திரம் மார்ச்சுல. தாலி முன்னாடியே கட்டியிருக்கலாம், கல்யாணத்தைப் பதிவு பண்ணது ஜூன்ல. மார்ச்சுல அவனுக்கு ஏது மனைவி?"

3

[குறிப்பு: முழுச் சொல் 'உக்ஸோர்'. லத்தீனில் 'ஒரு மனைவி', 'அந்த மனைவி' இரண்டுக்கும் அதே சொல்தான். அதையும் நாங்கள் பாதியில் வெட்டிப் புள்ளி வைக்கிறோம். பெண்டாட்டிக்கு இவ்வளவு போதும் என்று எவனோ முடிவு செய்திருக்கிறான். அவனை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.]

4

விஷயம் கோர்ட்டுக்குப் போனது. "சாட்சி சொல்லப் போகாத," என்றார் எங்கள் ஆபீஸ் சீனியர் வக்கீல். "நாம அடிச்ச பத்திரம் அத்தனையையும் நோண்டுவாங்க. போனா, இங்க உனக்கு வேலை இல்ல."

"விடுடீ," என்றாள் அக்கா. "ரெண்டு பேருமா நடுத்தெருவுல நிக்கணும்?"

இந்த இடத்தில் என் கதாநாயகி மேல் எனக்கே சந்தேகம். யார் எதைக் கொடுத்தாலும் வாய் திறக்காமல் அடித்துக் கொடுத்தவள் கூண்டேறுவாளா? நம்பும்படி இல்லை என்பீர்கள். நம்பாவிட்டால் போங்கள். ஏறினேன்.

"அந்த உக்ஸ் எங்க அக்காதான். அடிச்சது நான். அன்னைக்கு என் பக்கத்துலயே நின்னு, 'என் பேரைச் சரியா அடிடீ'ன்னு சொன்னா. நான்தான் அடிக்கல."

5

வேலை போய்விட்டது. தீர்ப்பு இன்னும் வரவில்லை.

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் அக்கா அந்த வீட்டிலேயே இருக்கிறாள். இன்னொன்றில் பூட்டு மாற்றியிருக்கிறார்கள், பெட்டியோடு என் வீட்டுக்கு வருகிறாள். எதையும் தரப்போவதில்லை. உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதுமுன் அக்காவிடம் போய் அவள் பெயரைக் கேளுங்கள். என்னிடம் கேட்க வேண்டாம், நான் ஒருமுறை அதை விட்டவள். கேட்டு, ஒரு எழுத்துக் குறையாமல் எழுதுங்கள். 'மற்றும் மனைவி' என்று யாராவது எழுதினால் கையை ஒடித்துவிடுவேன்.